காது வைத்த மடிக்கணினிகள்

புது மடிக்கணினிகள் வந்த அன்றும் மழை பெய்தது.

வேனிலிருந்து பெட்டிகளை இறக்கி, ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஜன்னலில் தொற்றிக்கொண்டது. கேள்வி மட்டும் இடத்தைவிட்டு எழவில்லை.

'கேள்வி' என்பது வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று கேட்பாள். போன மழைக்காலத்தில் அவளுடைய அம்மா இறந்துபோனார். அதன் பிறகு அவள் கேட்பது குறைந்துவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அவள் தன் பழைய மடிக்கணினியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் நிறைய வண்ணப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் அக்கம்பக்கத்தில் திறந்திருக்கும் ஒரு கணினி. ஓரத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி இருந்தது. அது ஆமை.

ஆமையும் ஐந்தாம் வகுப்புதான். நடந்தால் அவனுக்கு மூச்சு வாங்கும். அதனால் மெதுவாக நடப்பான். அதனால் அந்தப் பெயர். மழை தொடங்கியதும், வீட்டைவிட்டு வெளியே வரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் வீடு தெருக்கோடியில், பள்ளத்தில் இருந்தது. அங்கே நெட் வராது. போனைத் தூக்கிப் பிடித்தாலும் வராது.

ஆனாலும் அவன் தினமும் வகுப்புக்கு வந்தான்.

பழைய கணினிக்கு மேலே இரண்டு காதுகள் உண்டு. நிமிர்த்திவைத்தால் அது பக்கத்தில் இருக்கும் இன்னொரு கணினியோடு பேசும். அது அடுத்ததோடு பேசும். நெட் வேண்டாம். பள்ளியில் இடம் போதாததால் பாதிப் பேருக்குக் காலையிலும் பாதிப் பேருக்கு மதியத்திலும் வகுப்பு. தெருவில் மூன்று வீடுகளில் மதிய வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். காலையில் அவர்கள் கணினியைத் திறந்து ஜன்னலில் வைத்துவிடுவார்கள். இங்கே எழுதுவது வீடு வீடாகத் தாவி ஆமையிடம் போகும். அவன் எழுதுவது அதே வழியில் திரும்பி வரும்.

இப்போதும் வந்தது.

"ஏன் எல்லாரும் எழுதறத நிறுத்திட்டீங்க?"

"புது லேப்டாப் வந்திருக்கு" என்று கேள்வி எழுதினாள்.

"எப்படி இருக்கு?"

"ஒல்லியா இருக்காம்."

"காது இருக்கா?"

அவள் எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"தெரியல" என்று எழுதினாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

டீச்சர் உள்ளே வந்தார். "பழசைக் கொடுத்துட்டுத்தான் புதுசு வாங்கணும். பழசையெல்லாம் வெள்ளிக்கிழமை லாரி வந்து எடுத்துட்டுப் போயிடும். அதுக்கு முன்னாடி ஒரு வேலை. நம்மகிட்ட மூணு தலைமுறை லேப்டாப் இருக்கு. மூணையும் ஒப்பிட்டுப் பாருங்க."

"தலைமுறைன்னா என்ன டீச்சர்?" என்றான் நெட்டை. அவன் கடைசி பெஞ்சு.

"தாத்தா, அப்பா, பேரன் மாதிரி."

"அதான் தாத்தாவுக்குக் காது பெருசா இருக்கு!"

வகுப்பு சிரித்தது. கேள்விக்குச் சிரிப்பு வரவில்லை.

மழை கொஞ்சம் விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. மூன்று கணினிகளையும் வராந்தாவுக்குக் கொண்டுபோனார்கள்.

முதல் தலைமுறைக்கு ரப்பர் விசைப்பலகை. மேலே தண்ணீர் ஊற்றித் துடைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் வைத்தாலும் எழுத்து தெரிந்தது. ஆனால் ஒரு படம் திறப்பதற்குள் மூன்று பேர் கொட்டாவி விட்டு முடித்தார்கள்.

இரண்டாம் தலைமுறை வேகமாக இருந்தது. செய்தவர்களே அதில் காதுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். தொடையில் வைத்தால் சுட்டது. வெயிலில் அதன் திரை கண்ணாடி ஆகிவிட்டது. நெட்டை அதைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டான்.

மூன்றாம் தலைமுறை நோட்டுப் புத்தகம் போல மெலிதாக இருந்தது. விரலால் தொட்டால் திறந்தது. படம் பிடித்தது. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நாள் முழுவதும் நின்றது. காது மட்டும் இல்லை.

"புதுசுதான் பெஸ்ட்" என்றான் நெட்டை.

"ஆமா" என்றாள் கேள்வி. அது உண்மை. உண்மையை வேறு எப்படிச் சொல்வது?

மறுநாள் எல்லோரும் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கினார்கள். மதிய வகுப்பும் வாங்கியது. தெரு ஜன்னல்களில் இருந்த காதுகளும் போயின. கேள்வியும் வாங்கினாள். ஒப்பிடுவதற்காகத் தலைமுறைக்கு ஒன்றை மட்டும் டீச்சர் மேஜையில் வைத்துக்கொண்டார். மற்றவை பெட்டிக்குள் போயின.

சாயங்காலம் கேள்வி ஆமையின் வீட்டுக்குப் போனாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தலைமாட்டில் அவனுடைய பழைய கணினி மூடியிருந்தது. அவனால் பள்ளிக்கு வர முடியாததால் அதை யாரும் திரும்ப வாங்கவில்லை.

"காலையிலேர்ந்து ஒரு வாய் சாப்பிடலம்மா. நீயாவது சொல்லு" என்றார் அவனுடைய அம்மா.

கேள்வி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பாடத்தையெல்லாம் எழுதிட்டு வந்திருக்கேன்டா."

"பாடம் யாருக்கு வேணும்?"

"வேற என்ன வேணும்?"

"நெட்டை உளறினா, உளறுன உடனே எனக்குத் தெரியணும். நீ சாயங்காலம் வந்து சொன்னா அது நியூஸ்." அவன் மூச்சு வாங்கினான். "நீங்க எல்லாரும் அங்க இருக்கீங்க. நான் மட்டும் இங்க இருக்கேன்."

அவள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

வீட்டில் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். மழைக்காலத்தில் வேலை இருக்காது. அம்மா போனதிலிருந்து வேலை இருந்தாலும் அதிகம் பேசுவதில்லை.

"அப்பா, ஆமை சாப்பிடலையாம்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா என்று தெரியவில்லை.

மறுநாள் இடைவேளையில் கேள்வி டீச்சர் மேஜையில் இருந்த காது வைத்த பழைய கணினியைத் திறந்தாள். சும்மாதான் திறந்தாள். திரையில் மூன்று புள்ளிகள் தெரிந்தன.

அவள் நிமிர்ந்தாள். காது வைத்தவை எல்லாம் பெட்டிக்குள் அணைந்து கிடக்கின்றன. அப்படியென்றால் இதோடு யார் பேசுகிறார்கள்?

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குள் ஒரு கேள்வி வந்தது. அவள் அதை விடவில்லை.

ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தாள். கடைசியில் வராந்தா மூலையில் இருந்த சார்ஜ் அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டில், திரை கெட்டுப்போன மூன்று பழைய கணினிகள் தூசியோடு கிடந்தன. மூன்றிலும் வயர் செருகியபடியே இருந்தது. குனிந்து பார்த்தாள். கடுகளவு பச்சை விளக்கு எரிந்தது.

"டீச்சர்! இங்க வாங்களேன்!"

டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். "அதெல்லாம் எப்பவோ செத்துப்போச்சும்மா."

"சாகல டீச்சர். திரைதான் செத்திருக்கு. உள்ள பேசிக்கிட்டுதான் இருக்கு."

"யாரு ஆன் பண்ணா?"

"யாரும் பண்ணல. யாரும் ஆஃப் பண்ணவே இல்ல. இருட்டா இருந்ததால அணைஞ்சிருச்சுன்னு நினைச்சு உள்ள தள்ளிட்டோம்."

டீச்சர் குனிந்து அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தார். பிறகு, "பாவம், இத்தன நாளா சும்மாவா பேசிக்கிட்டிருந்துச்சு" என்றார்.

"இந்த மூணையும் எனக்குத் தருவீங்களா? தெருவுல மூணு வீட்டுல வைக்கணும். படம் தெரிய வேணாம். சொல்றத அடுத்ததுக்குச் சொன்னா போதும்."

டீச்சருக்கு அப்போதுதான் ஆமையின் ஞாபகம் வந்தது. அவர் முகம் மாறியது.

"எடுத்துக்கோ. ஹெட்மாஸ்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன். செத்ததைக் கேட்டு யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

வகுப்பில் ஒன்று வேண்டும். மேஜையில் இருந்த காது வைத்ததை அதற்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"அப்ப உனக்குப் புதுசு வேணாமா?" என்றான் நெட்டை ஆசையாக.

"வேணும். போடா."

ஆனால் தெருவில் வேலை அத்தனை சுலபமாக முடியவில்லை. மழை வலுத்திருந்தது. சாரலுக்கு எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன.

"இந்தக் குப்பையை எங்கம்மா வைக்கிறது?" என்றார் முதல் வீட்டு அக்கா.

"வெளிய வச்சுக்கறேங்க்கா. ஜன்னலுக்கு மேல, சன்ஷேடுக்கு அடியில. ஒயர் மட்டும் உள்ள வரும்."

"கரண்ட் இழுக்குமே?"

"பல்பைவிடக் கம்மிதாங்க்கா."

"என்னவோ பண்ணு. நனைஞ்சுபோனா என்கிட்ட வந்து அழாத."

மற்ற இரண்டு வீட்டிலும் கிட்டத்தட்ட இதேதான். சரி என்றார்கள். ஆனால் சன்ஷேடு அவளுக்கு எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறினாலும் எட்டாது.

மூன்று கணினிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். அப்பா கட்டிலில் இருந்தார்.

"ஏணி வேணும்பா."

அப்பா சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சன்ஷேடு எனக்கு எட்டலப்பா. ஆமைக்காக."

அப்பா கணினிகளைப் பார்த்தார். பிறகு மறுபடி சுவரைப் பார்த்தார். அவள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். போர்வைக்குள் கொஞ்சம் அழுதாள்.

காலையில் எழுந்தபோது கட்டில் காலியாக இருந்தது. கதவுக்குப் பின்னால் ஏணி இல்லை. தரையில் கணினிகளும் இல்லை.

தெருவுக்கு ஓடினாள். அப்பா முதல் வீட்டு ஏணியின் உச்சியில் நின்றிருந்தார். தலையில் பிளாஸ்டிக் பை. கணினியைத் தார்ப்பாய்த் துண்டில் சுற்றிக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தார். கீழே அவளைப் பார்த்ததும் கை நின்றது.

"காதையும் மூடிடலாமா?"

அவர் அவளிடம் ஏதாவது கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"வேணாம்பா. காது வெளியதான் இருக்கணும்."

"சரி."

அடுத்த வீட்டுக்கு அவர் ஏணியைத் தூக்கினார். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவதையும் கட்டி முடித்ததும் அவள் ஆமையின் வீட்டுக் கதவைத் தட்டினாள். "அத்தை, அவன் லேப்டாப்பைத் திறந்து வைக்கச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள்.

வகுப்பில் பழைய கணினியைத் திறந்து காதுகளை நிமிர்த்தினாள். ஒரு புள்ளி வந்தது. இன்னொன்று. இன்னொன்று.

நான்காவது வரவில்லை.

டீச்சர் கணக்கு நடத்தத் தொடங்கினார். கேள்வி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டீச்சரும் அவளைத் திட்டவில்லை. கரும்பலகையில் இரண்டு கணக்கு முடிந்தது. மழை வலுத்தது. அவன் திறக்கவே மாட்டானோ? தூங்கிவிட்டானோ? மூச்சு முட்டுகிறதோ?

ஓரத்தில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி வந்தது.

"வந்துட்டான்!"

மொத்த வகுப்பும் அவள் மேல் கவிழ்ந்தது. நெட்டை பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான்.

"எல்லாரும் இடத்துல உக்காருங்க" என்றார் டீச்சர். அவரும் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு கேள்வியிடம், "நேத்து வீட்டுப்பாடம் முடிச்சிட்டானான்னு கேளு" என்றார்.

கேள்வி எழுதி அனுப்பினாள். அது வீடு வீடாகத் தாவிப் போனது. பதில் வந்தது. அவள் சத்தமாகப் படித்தாள்.

"எனக்கு உடம்பு சரியில்ல டீச்சர்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கேள்வியும் சிரித்தாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மணி அடிக்கறதுக்குள்ள வீட்டுப்பாடம் வரணும்னு சொல்லு" என்றார் டீச்சர்.

அனுப்பினாள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு வரி வந்தது.

"எந்தப் பக்கம்?"