முன்பக்க வீட்டில் காய்ச்சிய பால்

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் இருந்த அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் அறுபது வருடமாக வாடகைக் குடித்தனங்கள்தான். போன வருடம் சுவரைச் சுரண்டி, லிஃப்ட் வைத்து, அபார்ட்மெண்ட் என்று வீடு வீடாக விற்றுவிட்டார்கள். வீரமணியும் அவன் தம்பியும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். சீட்டுக் குலுக்கியதில் தம்பிக்கு முன்பக்கம், பால்கனியோடு. வீரமணிக்குப் பின்பக்கம், கழிவுநீர்க் குழாயைப் பார்த்தபடி.

வீரமணி மனைவி விஜயலட்சுமிக்கு வயிறு எரிந்தது. அவள் ஓரகத்தி சந்தியா மட்டும் என்ன பெரிய சீமாட்டியா?

முதலில் பால் காய்ச்சுகிறவளுக்குத்தான் வீடு ஒட்டும் என்பார்கள். சந்தியா பால் காய்ச்சப்போவது நாளைக்கு.

"சன்னலைத் தொறந்து வைங்கக்கா, பெயிண்டு வாசனை போவட்டும்" என்று சாவியை இவளிடமே கொடுத்திருந்தாள், பாவம்.

நல்ல உச்சிவேளை. வீரமணி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். இவள் பால் சட்டியோடு வருவதை வாட்ச்மேன் அய்யனார் பார்த்துவிட்டார்.

"முன்வூட்டுக்கா போறீங்க? காசியம்மா முப்பது வருசம் வாடகைக்கு இருந்த வூடுங்க அது. விக்கறப்ப பின்வூட்டுக்குப் போவச் சொன்னாங்க. மாட்டேன்னு அடுப்பாண்டயே உசுர வுட்டுச்சு. தனியா போவாதீங்க."

"உன் வேலையப் பாருய்யா" என்று கதவைத் திறந்து உள்ளே போனாள்.

புது கேஸ் அடுப்பில் சட்டியை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையெங்கும் விறகுப் புகை நாறியது.

பால் விளிம்பு வரைக்கும் ஏறியது.

யாரோ ஊதி அடக்கினார்கள்.

அந்த மூச்சு அவள் காதை உரசிக்கொண்டு போனது.

"என் வூட்ல இன்னாடி பண்ணிக்கினு இருக்க?"

திரும்பினாள். ஒருவரும் இல்லை.

"நீ இங்க காய்ச்சிட்ட இல்ல? நான் அங்க போய்க் காய்ச்சிக்கிறேன்."

பின்வீட்டுக்கு ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பால் பொங்கி வழிந்த வாசனை. உள்ளே வீரமணி சிரித்துக்கொண்டிருந்தான். பத்து வருடத்தில் இவளோடு ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. பயத்தையும் மீறி நெஞ்சு பற்றி எரிந்தது. கதவைப் படபடவென்று தட்டினாள்.

கையில் பால் டம்ளரோடு வந்து திறந்தான்.

"யாரும்மா நீங்க? இன்னா வேணும்?"

அவனுக்குப் பின்னால், அடுப்படியில், இவளுடைய பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"யாருங்க அது?"

"யாரோ முன்வூட்டுக்காரம்மா போல" என்று சொல்லிக்கொண்டே வீரமணி கதவைச் சாத்தினான்.