வேற்றுமை இல்லை

திரையில் ‘வேற்றுமை இல்லை’ என்று வந்தால்தான் மூலப்படியை அழிக்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டு மனப்படிகள் இருக்கக் கூடாது என்பது சட்டம். பாளையங்கோட்டை மீளுயிர் நிலையத்தில் அந்த அழிப்புக்குக் கைரேகை வைப்பவள் மங்கையர்க்கரசி. இன்று திரையில் இருந்தது அவள் தம்பி குற்றாலிங்கத்தின் பெயர்.

லாரி மோதி மூளை சிதைந்தவனுக்குப் புதிதாக ஒரு மூளையை வளர்த்து, விபத்துக்கு முன் சேமித்திருந்த மனப்படியை, அதாவது மூலப்படியை, அதில் ஏற்றியிருந்தார்கள். சரியாக ஏறியதா என்று பார்க்கப் புதிய மூளையைப் படித்து இரண்டாவது கோப்பு எடுப்பார்கள். இரண்டும் கிளைகிளையாகப் பிரியும் கோப்புகள். ஒவ்வொரு நினைவும் ஒரு கிளை. எதை எதோடு பொருத்துவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, மிஞ்சும் வேற்றுமையை எப்படி அறிக்கையாக்குவது என்ற விதிகளெல்லாம் அடங்கியது ஒப்புத்தாள். அதை எழுதியவளும் மங்கையர்க்கரசிதான்.

“கைய வைங்கக்கா,” என்றான் ஏற்றுநர் ஜெபமணி. “தம்பி முழிச்சிட்டாரு. ‘இந்த ஆறிப்போன காப்பியக் குடுத்து மறுபடியும் கொல்லப் பாக்கியளா’ன்னு கேக்காரு.”

“அப்ப அவனேதான்,” என்று சிரித்தபடி அவள் விரலை அழுத்தினாள். மூலப்படி அழிந்தது.

அறைக்குள் அவள் நுழைந்ததும் குற்றாலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நீ எதுக்கு வந்தே?”

அந்தக் குரல் அவளுக்குப் பழக்கமானது. அம்மா சுவாசக் கருவியில் கிடந்தபோது, மஸ்கட்டிலிருந்து புறப்பட்டுவிட்டேன், நான் வரும்வரை பொறு என்று அவன் கெஞ்சினான். அம்மா படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் கருவியை நிறுத்தச் சம்மதித்தாள். அதன்பின் சில ஆண்டுகள் அவன் அவள் வீட்டில் கை நனைக்கவில்லை. கடைசியில் அவளே போய், அவன் கையைப் பிடித்து அழுதாள். அவனும் அழுதான். அவள் பரிமாறிச் சாப்பிட்டான். அதோடு அது முடிந்திருந்தது.

“என்னலே இப்படிக் கேக்கே? உன் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டேனே, மறந்துட்டியா?”

“ஒண்ணும் மறக்கலக்கா. வந்து கையப் பிடிச்சு அழுதே. எதுக்குன்னு தெரியாமலே நானும் மன்னிச்சேன், சோறும் தின்னேன். அதுக்கப்புறம்தான அம்மாவ முடிச்சே? முன்கூட்டியே மன்னிப்ப வாங்கி வச்சுக்கிட்டுப் போய்ச் செஞ்சிருக்கே.”

ஒப்புத்தாளில் தான் பிற்பாடு சேர்த்த விதி அவளுக்கு நினைவு வந்தது.

முதல் ஒப்புத்தாள் ஒவ்வொரு முறையும் ‘கிளை இடம் மாறியுள்ளது’ என்று ஆயிரக்கணக்கான வரிகளைக் கொட்டியது. ஆனால் எந்த நினைவும் காணாமல் போகவில்லை. உறவினர்கள் பயந்தார்கள், ஏற்றுநர்கள் எரிந்து விழுந்தார்கள். அவள் ஒரு விதியைச் சேர்த்தாள்: ஒப்பிடும் முன் இரு கோப்புகளையும் அகரவரிசையில் அடுக்கு. அறிக்கைகள் சுத்தமாயின. நிலையம் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது.

நினைவுகளுக்குத் தேதி கிடையாது. எது முன், எது பின் என்று மனம் அறிவது அவை அடுக்கியிருக்கும் வரிசையைக் கொண்டுதான். ஏற்றும்போது அந்த வரிசை கலைந்திருந்தாலும் அவளுடைய விதி அதை அறிக்கையில் வராமல் மறைத்துவிடும்.

அவள் ஓடிவந்தாள். “ஜெபமணி, அந்த விதியத் தூக்கிட்டு மறுபடி ஓட்டு. மூலத்த எடு.”

“எந்த மூலம்? இப்பத்தானக்கா கை வச்சிய?”

அவன் முகம் மெல்ல வெளுத்தது. மீண்டு போனவர்களைப் பற்றி வந்த புகார்களை இருவரும் ‘பழகும்வரை வரும் தடுமாற்றம்’ என்று ஒதுக்கியிருந்தார்கள். விவாகரத்தான கணவனின் அலுவலகத்துக்கு ஒருத்தி தினமும் சோறு கட்டிக்கொண்டு போகிறாள். இறந்துவிட்டான் என்று நம்பி அழுத பின் உயிரோடு வீடு திரும்பிய மகனுக்கு, மீண்டு போன ஒரு தகப்பன் திதி கொடுக்கிறார்.

“எல்லா மூலமும் போச்சேக்கா,” என்றான்.

அவள் மறுபடி தம்பியிடம் போனாள். கட்டிலருகே நின்று, எந்திரம் வரிசையை மாற்றிவிட்டது என்று விளக்கினாள்.

“அறிக்கை என்ன சொல்லுது?”

“வேற்றுமை இல்லைன்னு.”

“அந்த ஒப்புத்தாள எழுதினது யாரு?”

அவள் அவன் கையைப் பிடித்தாள். “மன்னிச்சிருலே.”

அவன் கையை உதறிக்கொண்டு கட்டிலின் மறுகோடிக்கு நகர்ந்தான். கண்ணில் கோபமில்லை, பயம் இருந்தது.

“இப்ப யார முடிக்கப் போற?”