வடிவுக்கரசியின் பசி எண்

ஏழ்கடல் களிப்பூங்காவின் வாசலில் செண்பகராமன் குடும்பத்துக்கு ஆளுக்கொரு பசிமானியை மணிக்கட்டில் மாட்டிவிட்டார்கள். கைக்கடிகாரம் அளவுதான் இருந்தது. ரத்தத்தின் சர்க்கரையையும் இரைப்பையின் அசைவையும் பார்த்து, பூஜ்யத்திலிருந்து நூறுவரை ஓர் எண் காட்டும். எண் கூடினால் பசி கூடுதல். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

முன்பெல்லாம் பூங்காவின் உணவகங்களில் மேசை பிடிக்க அறுபது நாளுக்கு முன்பே, காலை ஆறு மணிக்கு, கைபேசியும் கையுமாக உட்கார வேண்டும். ஆறு அடித்து ஒரு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். பசிக்காதவன் உள்ளே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பான். பசித்தவன் கண்ணாடிக்கு வெளியே நிற்பான். அந்த அநியாயத்தை ஒழிக்கத்தான் பசிமானி வந்தது. ஒரு குடும்பத்தில் யாருக்குப் பசி அதிகமோ, அவருடைய எண்தான் குடும்பத்தின் எண். பெரிய எண்ணுக்கு மேசை. பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிடுவார்கள் என்று பயந்து, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. பெரியவர்களைப் பற்றி அப்படி ஒரு பயம் யாருக்கும் வரவில்லை. படித்தவர்கள் செய்த ஏற்பாடு, நாம் என்ன சொல்வது!

முதல் நாள் மதியம் செண்பகராமனின் எண் முப்பத்தொன்று. அவர் மனைவி வடிவுக்கரசியின் எண் எண்பத்தெட்டு.

"மிஷின் ரிப்பேர் போலிருக்கு" என்று செண்பகராமன் அதைத் தட்டிப் பார்த்தார்.

ரிப்பேர் இல்லை. காலையில் விடுதி அறையில் எல்லோருக்கும் வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியை வைத்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய உடைந்த இட்லி ஒன்றைத் தின்றுவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்று பாத்திரம் கழுவப் போனவள் அவள். வீட்டிலும் தினமும் அதே கதைதான். சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பியிருந்தாள். இப்போது மணிக்கட்டில் சிவப்பாக எரிந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

அந்த எண்பத்தெட்டுக்கு மலையுச்சி உணவகத்தில் மேசை கிடைத்தது. "எங்க வீட்ல எண்பத்தெட்டு!" என்று பக்கத்து மேசைக்காரரிடம் செண்பகராமன் பெருமையடித்தார். பதினாறு வயது மகள் யாழினி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வடிவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் பன்னிரண்டு வயது மகன் நிலவன் இந்தப் பயணத்துக்கு ஒரு வருடமாக நாள் எண்ணியது கடலடி விருந்தகத்துக்காக. கண்ணாடிக் கூரைக்கு மேலே நிஜத் திமிங்கலச்சுறா நீந்தும். அங்கே ஒரே ஒரு மேசை. ஒரு மதியத்துக்கு ஒரே ஒரு குடும்பம். ஒரு மணி அடிக்கும்போது யார் எண் பெரிதோ அவர்களுக்கு.

"வடிவு, ராத்திரி லேசா சாப்பிடு. காலையில காப்பி மட்டும். சீனி போடாத" என்றார் செண்பகராமன்.

"நீங்களும் பட்டினி இருக்கலாம்லங்க?"

"அப்பாவுக்கு அல்சர் இருக்குல்லம்மா" என்றாள் யாழினி.

மறுநாள் பதினொன்றரைக்கு எண் தொண்ணூற்று நான்கு. விருந்தகத்தின் பலகையில் அவர்கள் இரண்டாவதாக இருந்தார்கள்.

"நாலு ரவுண்டு நடந்துட்டு வாம்மா, ஏறும்" என்றான் நிலவன். கெட்ட பையன் இல்லை. கண்ணில் சுறா நீந்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வடிவு நடந்தாள். மூன்றாவது சுற்றில் கண் இருட்டிக்கொண்டு வர, ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கே ஏற்கெனவே ஒருத்தி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு எவ்வளவுக்கா?" என்று அவள் கேட்டாள்.

"தொண்ணூத்தேழு. உங்களுக்கு?"

"தொண்ணூத்தாறு. அரை மணி நேரமா ஓடவிட்டிருக்காங்க." அவள் பெயர் செங்கமலம், திண்டுக்கல். அவள் புருஷனுக்கும் வேளைக்குச் சாப்பிடாவிட்டால் தலை சுற்றுமாம்.

இருவரும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வடிவு பையைத் திறந்தாள். பிள்ளைகளுக்கு வழியில் பசிக்குமே என்று கோவில்பட்டியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரை இன்னும் பிரிக்காமல் இருந்தது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிலவனை நினைத்தாள். எச்சில் ஊறியது. கோபமும் வந்தது, யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கையை நீட்டு கமலம்."

பொட்டலத்தில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. நிலக்கடலையைக்கூடத் தேடித் தேடித் தின்றார்கள். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது வடிவின் எண் ஐம்பத்திரண்டாக இறங்கியிருந்தது. மேசை வேறு யாரோ ஒரு குடும்பத்துக்குப் போயிற்று. அந்தக் குடும்பத்துப் பெண்ணை இரண்டு பேர் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார்கள்.

செண்பகராமனும் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். முதலில் அவள் மணிக்கட்டைப் பார்த்தார்கள், பிறகு மடியில் கிடந்த வெறும் வாழையிலையை.

இருபது வருடக் குடித்தனத்தில் வடிவுக்கரசியின் சாப்பாட்டைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்றுதான் முதல் தடவையாக மகன் கேட்டான்.

"ஏம்மா சாப்பிட்ட?"