ஐந்து படி மேலே

மாதா கோயிலில் மாலைச் செபத்துக்கான திருந்தாதி மணி ஓய்ந்து, கொட்டாஞ்சேனைத் தெருக்களில் மழை தூறிக்கொண்டிருந்த ஞாயிறு மாலை, சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வந்த யேசுரட்ணம் தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்து, தாழ்ப்பாள் போட்டுக் கணினியை உயிர்ப்பித்தபோது, திரையில் குரலின் சுருதியை மாற்றும் குமிழ் அவர் விட்டுப்போன இடத்தில் இல்லை. ஐந்து படி கீழே வைத்திருந்தார். இப்போது ஐந்து படி மேலே நின்றது.

கூட்டாளி ஒஸ்வால்ட் ஏதாவது விளம்பரத்துக்குக் குழந்தைக் குரல் செய்திருப்பான் என்று நினைத்தார். போன வருடம் டெங்குக் காய்ச்சலில் அவர் கிடந்தபோது, கட்டிலருகில் இருந்து இளநீர் பருக்கியவன் அவன். "குடி மச்சான். நீ செத்தா கோயில் கொயர் பாட்டுக்கு ஆர் சுருதி திருத்துறது?" என்று கேலியும் பண்ணினான். நோயாளிக்குக் குவளை பிடித்த கையைச் சந்தேகிப்பது பாவம் என்பது யேசுரட்ணத்தின் எண்ணம்.

சுவரில் ஒட்டிய நுரைப்பஞ்சு ஈரவாடை வீசியது. தெருவின் இரைச்சலையெல்லாம் அது விழுங்கிவிட்டதால் தன் மூச்சே பக்கத்தில் வேறு யாரோ விடுவதுபோலக் கேட்டது. ஹெட்ஃபோனை மாட்டி, திரையில் திறந்திருந்த பதிவை ஓடவிட்டார்.

"என்ர மனுசனை வான் வண்டியில ஏத்திக் கொண்டுபோனவங்களில ஒருத்தனை எனக்குத் தெரியும்..."

ஜெகதீஸ்வரி. அவளுடைய சொந்தக் குரல்.

வெளிநாட்டு வானொலி ஒன்றுக்காக அவளது சாட்சியத்தை இதே அறையில் பதிந்து, ஆண்குரலாகும்வரை தாழ்த்தியவர் அவர்தான். கேட்டதும் அவள் சிரித்தாள்.

"என்ர மாமனார் கதைக்கிற மாதிரிக் கிடக்கு, அண்ணை."

பிறகு சிரிப்பு நின்றது. "கதைச்சது நானெண்டு தெரிஞ்சா என்னையும் மகனையும் விடமாட்டாங்கள்," என்றாள். அவள் கண்முன்னாலேயே மூலப்பதிவை அழித்தார். தாழ்த்தியது மட்டும் வானொலிக்குப் போனது. அதை அதே அளவு உயர்த்தினால் பழைய குரல் எழுந்து வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் யார் அப்படிச் செய்வார்? அடுத்த பகுதிகளும் ஒரே குரலாக ஒலிக்க வேண்டுமென்று அந்த அளவை ஒருவனுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார்.

இளநீர் பருக்கியவனுக்கு.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, வெள்ளவத்தையில் இருந்த அவளைத் தொலைபேசியில் அழைத்தார். உடனே எடுக்கப்பட்டது.

"ஓம் அண்ணை."

"தங்கச்சி, மகனைக் கூட்டிக்கொண்டு இப்பவே வெளிக்கிடு. ஒண்டும் கேளாதை."

"நாங்கள் சுகமாத்தான் இருக்கிறம். நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"ஸ்டூடியோவில."

"தனியவோ?"

பதில் சொல்ல வாயெடுத்தவர் நின்றார். அவள் குரல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லின் ஓரத்திலும் தகரத்தை நகத்தால் சுரண்டுவதுபோல மெல்லிய கரகரப்பு. இயந்திரம் ஒரு குரலைப் பிடித்து இழுக்கும்போது மட்டும் வருவது. அவர் காதுக்கு அது தப்பியதே இல்லை.

"தனியவோ, அண்ணை?"

அந்தக் குரலுக்குப் பின்னால் யாரோ மூச்சுத் திணறினார்கள். வாயைப் பொத்திய கை ஒன்று நழுவியதுபோல. பிறகு அதே குரல். கரகரப்பில்லாமல். சின்னதாக.

"கதவைத் திறவாதேங்கோ, அண்ணை."

அவ்வளவுதான். தன்னைக் காப்பாற்றச் சொல்லி அவள் கேட்கவில்லை.

ஏதோ மோதி விழுந்தது.

யேசுரட்ணம் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார்.

கூடத்தின் படிக்கட்டில் காலடிகள். ஒருவருடையவை அல்ல. அவசரமில்லாதவை. கதவுக்கு வெளியே வந்து நின்றன.

"அண்ணை," என்றது தொலைபேசி. "திறவுங்கோ, அண்ணை."

சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. ஒரு படி. இன்னொரு படி. பெண்குரல் தடித்தது. ஆணுமற்றுப் பெண்ணுமற்று வழிந்தது. அவர் நன்றாக அறிந்த ஒரு குரலில் வந்து நின்றது.

"பயப்பிடாதை மச்சான். நான்தான்."

அங்கும் அது நிற்கவில்லை. இறங்கியது. இன்னும் இறங்கியது. எந்த மனிதத் தொண்டைக்கும் எட்டாத ஓர் ஆழத்திலிருந்து, மெதுவாக, மிகவும் அன்பாக, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.