ஆறாவது ரீலில் ஒரு ஒட்டு

மெஷின் ரூமில் டெலிபோன் அலறியது.

ஆபரேட்டர் கண்ணைத் திரையிலும் கையை ரிசீவரிலும் வைத்தார்.

திரையில் ஒரு துப்பறிவாளன் எதிரி நாட்டு ஒற்றனைத் துரத்திக்கொண்டிருந்தான். மேட்னி ஷோ. போர்க்காலமாதலால் சிப்பாய்களுக்குப் பாதிக் கட்டணம். ஹால் நிரம்பி வழிந்தது.

"யாரு?"

"மேனேஜர்தான்யா. பின்படிக்கட்டுல நம்ம சைக்கிள்காரர்... செத்துக் கிடக்கார்."

"என்ன சார் சொல்றீங்க? இப்பதானே ஆறாவது ரீலைக் குடுத்துட்டுக் கீழ போனார்?"

"கழுத்தை நெரிச்சிருக்காங்க. ராணுவ உளவுப் பிரிவு அதிகாரி ஒருத்தர் அதுக்குள்ள வந்து நிக்கிறார். உன் வீட்டுக்காரம்மாவை டிக்கெட் கவுன்ட்டர்லயே வெச்சுப் பூட்டிட்டார்."

"அவளையா? எதுக்கு?"

"கடைசியா அவரோட பேசினது அவங்கதானாம். ஒற்றர் கூட்டமாம். நான் என்னய்யா பண்ணுவேன்... இப்ப மேல வர்றார். படத்தை மட்டும் நிறுத்தக் கூடாதுங்கறார்."

இணைப்பு அறுந்தது.



ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தியேட்டர், இக்கரையில் இது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே படப் பிரதி. அங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிள்காரர் தகர டப்பாவில் வைத்து, பாலம் கடந்து கொண்டுவருவார். அக்கரை ஆபரேட்டரும் இக்கரை ஆபரேட்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. இவர் ஓட்டும் நேரத்தில்தான் அவரும் ஓட்டுவார். அறுந்த ஃபிலிமை அவர் ஒட்டி அனுப்பும் ஒட்டுகள் மட்டுமே பழக்கம். அழுத்திச் சுரண்டி, பசையை அப்புகிற முரட்டுக் கை.

படிகளில் காலடி ஓசை.

மழைக்கோட்டு. சரித்து வைத்த தொப்பி. திரையிலிருந்து இறங்கி வந்தவரைப் போலவே இருந்தார் அதிகாரி. வாசலிலேயே சிகரெட்டைச் சுவரில் நசுக்கிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"உன் பொண்டாட்டி உயிர் இப்ப உன் வாயில இருக்கு. பேசு."

"அவ டிக்கெட் கிழிச்சுக் குடுக்கிறதைத் தவிர ஒண்ணும் அறியாதவ சார். சைக்கிள்காரர்கிட்ட ஏதாவது பஞ்சரைப் பத்திக் கேட்டிருப்பா..."

"துறைமுகத்துல கண்ணிவெடி எங்கெங்க இருக்குன்னு ஒரு வரைபடம். அதைப் படம் பிடிச்சு, ஒரு சாண் நீளத்துக்கு ஆறாவது ரீலுக்குள்ள ஒட்டி அனுப்பியிருக்காங்க. பாலத்துல சோதனை போடுறவன் ஆளைத் தடவுவான். ரீலைப் பிரிக்க மாட்டான்."

"சைக்கிள்காரரா சார்?"

"இந்தப் பக்கம் வந்ததும் அவன் வெட்டி எடுத்திருக்கணும். முந்தாநாள் எடுக்கலை. எடுத்தது நீயா, அவளா?"



முந்தாநாள் ரீல் தாமதமாயிற்று. பொறுக்க முடியாமல் இவரே கீழே ஓடி, டப்பாவைப் பிடுங்கி வந்திருந்தார். சைக்கிள்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்ததைக் கேட்க நேரமில்லை. ஓட்டிப் பார்த்தபோது இரண்டு முரட்டு ஒட்டுகளுக்கு நடுவே கோடுகளும் வட்டங்களும் இருந்தன. ஒற்றர் படத்தில் வரைபடத்துக்கா பஞ்சம்? ஏதோ இடம் மாறி ஒட்டிய துண்டு என்று வெட்டி எறிந்துவிட்டுச் சுத்தமாக ஒட்டி ஓட்டினார்.

உண்மையைச் சொன்னால் இவர் ஒற்றன். சொல்லாவிட்டால் மனைவி ஒற்றச்சி.

அதிகாரி ஆறாவது ரீலைத் தூக்கி, ஃபிலிம் சுற்றும் கருவியில் மாட்டினார். ஃபிலிம் அவருடைய கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சரசரவென ஓடித் தரையில் குவிந்தது. பார்வை மட்டும் ஆபரேட்டர் மேலேயே இருந்தது.

விரல் நின்றது.

"இங்க இருந்த ஒட்டு இது இல்லையே. மாத்தியிருக்கே."

ஆபரேட்டரின் வாய், மூளையை முந்திக்கொண்டு ஓடியது.

"பின்ன என்ன சார், அழுத்திச் சுரண்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லி அனுப்பினேன்..."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது.

ஒட்டு மாறியிருப்பது ஒட்டியவனுக்குத்தான் தெரியும். மெஷின் ரூம் வாசலில் யாரும் சொல்லாமலே சிகரெட்டை அணைப்பவன், ஃபிலிமோடு வாழ்ந்தவன்.

அதிகாரி மெல்லச் சிரித்தார்.

"சைக்கிள்காரன் சொன்னான். இக்கரைக்காரருக்கு உங்க ஒட்டு பிடிக்கலையாம்னு."

கோட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி வெளியே வந்தது.

"உங்க மெஷினை... இப்ப யாரு பார்த்துக்கிறா?"

"வயித்துவலின்னு நேத்திலேருந்து லீவு. வேற ஆள் ஓட்டறான்."

"சைக்கிள்காரரை ஏன்யா கொன்னீங்க?"

"ரீல்ல துண்டே இல்லைன்னு சாதிச்சான். நான் நம்பலை."

"அவர் பொய் சொல்லலையே... நான்தானே எடுத்தேன். என்கிட்ட கேட்டிருந்தா..."

"இப்ப கேக்கறேன். எங்கே?"

ஆபரேட்டர் மூலையிலிருந்த சிவப்பு வாளியைக் காட்டினார். ஃபிலிம் துண்டு ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். ஆகவே கழிவுத் துண்டுகள் தண்ணீருக்குள்தான் போக வேண்டும். அது எல்லா மெஷின் ரூமுக்கும் பொதுவான சட்டம்.

அக்கரைக்காரர் வாளிக்குள் கையை விட்டார். வழவழவென்று ஒரு துண்டு வந்தது. விளக்குக்கு நேரே பிடித்தார்.

கோடு இல்லை. வட்டம் இல்லை. கண்ணாடி போல வெறுமை.

"முந்தாநாள்லேருந்து ஊறுது," என்றார் ஆபரேட்டர் மன்னிப்புக் கேட்பவரைப் போல. "மேல் பூச்சு கழண்டு போச்சு. உங்களுக்குத் தெரியாததா?"

"காசு குடுத்தவங்க என்னை உயிரோட விடமாட்டாங்கடா." துப்பாக்கி நிமிர்ந்தது. "உன்னையும் விடமாட்டேன்."

"இங்கயா சுடப் போறீங்க?"

இருவரும் தரையில் குவிந்திருந்த ஃபிலிமைப் பார்த்தார்கள். ஒரு பொறி போதும்.

"வெளியே வா."

ஆபரேட்டர் அசையவில்லை.

"கவுன்ட்டர் சாவி என் பையில இருக்கு. நீ வரலைன்னா நான் அவகிட்ட போவேன். வா!"

ஆபரேட்டர் எழத்தான் முயன்றார். கால்கள் மடங்கி, ஸ்டூலில் விழுந்தார். கதையில் வரும் எலிக்காவது வளைக்கு இரண்டு வாசல் இருக்கும். இந்த வளைக்கு ஒன்றுதான். அதில் பூனை நின்றது. அவள் கீழே கம்பிக்குப் பின்னால், வருகிறவன் யாரென்று அறியாமல் உட்கார்ந்திருப்பாள்...

கிணிங்!

மெஷினில் மணி அடித்தது. ஐந்தாவது ரீல் முடியப் போகிறது.

இரண்டு பேருடைய கைகளும் ஒரே நேரத்தில் இரண்டாவது மெஷினை நோக்கி நீண்டன. பழக்கம்.

அந்த மெஷின் காலி. அதில் இருக்க வேண்டிய ஆறாவது ரீல், தரையில் சுருள் சுருளாகக் கிடந்தது.

"மாட்டு! சீக்கிரம் மாட்டு!" அக்கரைக்காரர் முகம் வெளுத்தது.

"முடியலை... கால் வரலை."

"டேய், திரை வெள்ளையாயிடும்டா!"

ஆயிற்று.

ஹாலில் ஒரு கணம் அமைதி. பிறகு விசில். நாற்காலிகள் அதிர்ந்தன.

"ஒற்றன் யாருன்னு காட்டப்போற நேரத்துல தூங்கறான் பாரு! மேல போங்கடா!"

படிகளில் பூட்ஸ் ஓசை. ஒன்றல்ல, ஒரு பட்டாளமே ஏறி வந்தது.

கதவு திறந்தது.

"இதுல எவன்யா ஆபரேட்டர்?"

ஆபரேட்டர் வாழ்நாளில் பொய் பேசியறியாதவர். விரலை நீட்டினார்.

"அவரும் ஆபரேட்டர்தான்."

அதற்குள் சிப்பாய்களின் கண்ணில் துப்பாக்கி பட்டுவிட்டது. அது வாளிக்குள் விழுந்தது. அக்கரைக்காரரைத் தரையில் அமுக்கினார்கள்.

பின்படிக்கட்டில் சைக்கிள்காரர் மேல் யாரோ திரைச்சீலையைப் போர்த்தியிருந்தார்கள். ஆபரேட்டர் அருகில் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் அன்று என்ன சொல்ல வாயெடுத்தார் என்பதை இனி யாரிடம் கேட்பது?

கவுன்ட்டரிலிருந்து விடுபட்ட மனைவி வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"என்னங்க... அவனை எப்படித்தான் பிடிச்சீங்க?"

"நான் எங்க பிடிச்சேன்? ஒண்ணுமே பண்ணலை. சும்மா உட்கார்ந்திருந்தேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்ல நீங்க அப்படி உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் திட்டியிருக்கேனே... நாட்டைக் காப்பாத்திட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"