ஒன்பது காலிப் பெட்டிகள்

செம்மண்டலத்துக் கயல்விழி ஏழாம் வகுப்பு. பண்ருட்டிப் பலாப்பழத்தைப் பற்றி ஓர் இணையப் பக்கம் செய்தாள். அதற்காக அவளும் வகுப்புத் தோழன் இளவரசுவும் எடுத்த படங்கள் ஒன்பதாயிரம். சரி, ஒன்பது.

எது எப்படித் தெரிய வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குறிதான் டேக். தலைப்புக்கு ஒரு டேக், பத்திக்கு ஒரு டேக், படத்துக்கு ஒரு டேக். ஒருநாள் தலைப்பு முடிந்த இடத்தில் டேக்கை மூட மறந்துவிட்டாள். அவ்வளவுதான், எல்லா எழுத்தும் யானைக்குட்டி போல வீங்கித் திரையைப் பிய்த்துக்கொண்டு வரப் பார்த்தது!

வகுப்புத் தோழி அறிவுமதிக்குக் கண் தெரியாது. அவளுடைய கம்ப்யூட்டர் எதையும் வாய்விட்டுப் படிக்கும், சளி பிடித்த தவளையின் குரலில். கயல்விழியின் பக்கத்தைத் திறந்ததும், "படம். படம். படம்" என்றது.

"என்னா படம்னு நான் ஜோசியமாடி பாக்கணும்?" என்றாள் அறிவுமதி.

கம்ப்யூட்டர் வகுப்பில் ஜான்சி டீச்சர் சொன்ன 'ஆல்ட்' கயல்விழிக்கு நினைவு வந்தது. படத்தில் இருப்பதைச் சொற்களில் டேக்குக்குள் எழுதி வைக்கும் இடம் அது. வகுப்பே அதைக் காலியாக விட்டிருந்தது.

கயல்விழி எழுத உட்கார்ந்தாள்.

"நாளைக்குச் சிதம்பரத்துல இணையப் பக்கப் போட்டி! இப்பப் போய் கதை எழுதுற? படம்தான் தெரியுதே!" என்று குதித்தான் இளவரசு.

"உனக்குத் தெரியுது" என்றாள் கயல்விழி.

ஒன்பதுக்கும் எழுதினாள். தவளை படித்தது. அறிவுமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் இளவரசு பென் டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். சிதம்பரம் போவதற்குள் அதை முந்நூறு தடவை தொட்டுப் பார்த்தான்.

போட்டி அரங்கில் பக்கத்தைத் திறந்தால், படமே இல்லை! ஒன்பது காலிப் பெட்டிகள்.

"படங்களக் காப்பி பண்ணலயாடா?"

"பக்கத்தப் பண்ணேன். படம் அதுக்குள்ளதான இருக்கும்?"

இருக்காது. படம் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் பக்கத்துக்குத் தெரியும். ஒன்பது படமும் செம்மண்டலத்தில் சுகமாக இருந்தன.

நடுவர் சபாபதி வந்து நின்றார். "படம் எங்கம்மா?"

இளவரசு அழுதுவிடுவான் போலிருந்தது. கயல்விழி பெட்டிகளை உற்றுப் பார்த்தாள். படம் இல்லாத இடத்தில் பொடிப்பொடியாக அவள் எழுதிய ஆல்ட் வரிகள்!

"எடுத்துட்டு வர மறந்துட்டோம் சார். ஆனா படத்துல என்னா இருக்குன்னு எழுதியிருக்கோம். படிச்சுப் பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

'லாரியில் ஒற்றைப் பலாப்பழம். நான்கு பேர் தள்ளியும் நகரவில்லை. ஐந்தாவது ஆள் அதன்மேல் சாய்ந்து தூங்குகிறார்.'

சபாபதியின் தொப்பை குலுங்கியது. "ராமாமிர்தம் மேடம், ஓடி வாங்க! இந்த அஞ்சாவது ஆளப் பாருங்க!" என்று இன்னொரு நடுவரைக் கூப்பிட்டார்.

அரங்கமே வந்து காலிப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தது. சிரிப்புச் சத்தத்தில் கூரை அரையடி எழும்பி மறுபடி உட்கார்ந்தது.

இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு, படங்களை மறக்காமல் கொண்டு வந்தவர்களுக்கு.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் கேட்ட அறிவுமதி, மேசையைத் தட்டிச் சொன்னாள்:

"யாரு வேணா பாத்துட்டுப் போவட்டும். அந்தப் பழத்த மொதல்ல பாத்தது நாந்தான்!"