பாத்தாச்சு

ஆஸ்பத்திரி மருந்தகத்தில், மேசைத் தட்டில் கிடந்த சரிபார்ப்புத் தாளை எடுத்ததும் தலைமை மருந்தாளுநரின் கட்டைவிரலில் நீல மை ஒட்டிக்கொண்டது. மதியம் இரண்டே முக்கால். பட்டப்பகல். பயிற்சி மருந்தாளுநர்கள் நாலு பேரும் தேர்வு எழுதப் போயிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மருந்து கலக்கும் அறையில், காலையிலிருந்து ஈ காக்கை இல்லை. ஆனால் 'கலந்தவர்' கட்டத்தில் யாரோ இப்போதுதான் எழுதியிருந்தார்கள். 'சரிபார்த்தவர்' கட்டத்தில் அவருடைய கையெழுத்து, மை வெளுத்துப் பழசாகி.

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது போன வருடத்துக் கையெழுத்து.

அங்கே பயிற்சி ஒரு வருடம். பயிற்சிக்காரர் மருந்தை ஊசியில் இழுத்து, காலிக் குப்பிகளை வரிசையாக அடுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேற்பார்வையாளர், அதாவது இவர், உள்ளே வந்து குப்பிகளை எண்ணி, ஊசியின் அளவைப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகே அதை சலைன் பைக்குள் ஏற்றலாம். உள்ளே போவதென்றால் கை கழுவி, அங்கி, தொப்பி, முகமூடி மாட்டிக் கால் மணி நேரம் ஆகும். ஐயாவுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்! திங்கட்கிழமை காலையில் இருபது வெற்றுத் தாள்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு உள்ளே தள்ளிவிடுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ரப்பர் ஸ்டாம்ப்.

போன வருடத்துப் பெண் ஒருத்தி மட்டும் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைத் தட்டுவாள். முகமூடிக்குள் எப்போதும் ஒரு புதினா மிட்டாய், பல்லில் பட்டு 'டக்'கென்னும். அவள் மீறிய ஒரே விதி அதுதான்.

"சார், ஒரு தடவ வந்து பாத்துடுங்க சார். பயமா இருக்கு."

"பாத்தாச்சு, பாத்தாச்சு. ஏத்தும்மா," என்பார், நாற்காலியை விட்டு எழாமலே.

பதினாலு மணி நேரம் நின்று ஓய்ந்துபோன ஒரு நாளில் அவள் கண்ணுக்கு 20 என்பது 200 ஆகத் தெரிந்தது. பொட்டாசியம். நோயாளியின் இதயம் நின்றுவிட்டது. இவர் அன்றைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, விசாரணையில் வாய் கூசாமல் சொன்னார்: "எங்கிட்ட காட்டவே இல்ல சார். திமிர் புடிச்ச பொண்ணு." அவளைப் பயிற்சியிலிருந்து நீக்கினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அவள் கிணற்றில் விழுந்து செத்துப் போனாள். பாவி மனுஷன், அன்றைக்கும் வயிறாரச் சாப்பிட்டார். கையெழுத்துப் போட்டு வைத்த மீதித் தாள்களை எரிக்கும்போது எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது.

அந்த ஒன்று இப்போது கையில்.

கண்ணாடிக்கு அப்பால் விளக்கு எரிந்தது. யாரோ பயிற்சிக்காரர் தேர்வை முடித்துவிட்டுச் சீக்கிரம் வந்திருக்க வேண்டும், வேறென்ன, என்று தன்னையே தேற்றிக்கொண்டு அவர் அங்கி மாற்றும் சின்ன அறைக்குள் நுழைந்தார். வெளிக்கதவு பின்னால் மூடிக்கொண்டது. காற்றாடியின் ஓயாத இரைச்சல், ஸ்பிரிட் நெடி, அந்த நெடிக்கு அடியில் மெல்லியதாக, இனிப்பாக, புதினா. உள்கண்ணாடி வழியே மேசையைப் பார்த்தார். காலிக் குப்பிகள், ஒழுங்காக, வரிசையாக. ஒரு பைக்கு ஒன்று போதும். அங்கே பத்து இருந்தன.

சுவரிலிருந்த போன் அடித்தது. மூன்றாம் மாடி வார்டு சிஸ்டர். குடல்வால் அறுவை முடிந்து அவருடைய மகள் அங்கேதான் படுத்திருந்தாள். மூன்று மணிக்கு அவளுக்கு ஏற்ற வேண்டிய பொட்டாசியம் பையை அவர் இன்னும் கலக்கவே ஆரம்பிக்கவில்லை.

"சார், பாப்பாவுக்குப் பை வந்துடுச்சு. மாட்டிட்டேன்."

"கழட்டு! கழட்டும்மா அத!"

"என்ன சார்? ஒரே இரைச்சலா இருக்கு, ஒண்ணும் கேக்கல. நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்டதுதானே, அப்புறம் என்ன சார்?" சிஸ்டர் சிரித்தாள். வைத்துவிட்டாள்.

மறுபடி எண்களை அழுத்தினார். மணி போகவில்லை. ரிசீவருக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

டக்.

வெளிக்கதவை இழுத்தார். வரவில்லை. மேலே சிவப்பு விளக்கு. உள்கதவு திறந்திருந்தால் வெளிக்கதவு திறக்காது. தூசி போகக்கூடாதென்று செய்த ஏற்பாடு. திரும்பினார். உள்கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. தள்ளினார். மூடவில்லை. தோளால் முட்டினார். மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. இடுக்கில் ஒரு கால். வெள்ளை உறை போட்ட கால்.

கண்ணாடியைத் தட்டினார். இரண்டு கையாலும்.

"ஒரு தடவ வந்து பாரும்மா... என் பொண்ணும்மா... உன் வயசுதாம்மா..."

உள்ளே, கதவோரம் இழுத்துப் போட்ட முக்காலியில் அவள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தொப்பிக்குக் கீழே ஈரமான தலைமுடி. மடியில் ஒரு கட்டு வெற்றுத் தாள்கள். ஒவ்வொன்றாக எடுத்தாள். எழுதினாள். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து. போன வருடம் அவர் எரித்தவை.

தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரில் சிஸ்டர் அலறினாள். "சார்! சார், பாப்பா..."

அவர் தட்டினார். தட்டினார். அவள் திரும்பவில்லை. மிட்டாயை மட்டும் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள்.

"பாத்தாச்சு, பாத்தாச்சு," என்றாள், எழாமலே.